இரண்டாவது வண்டி பார்க்கப் போன அமீனா

ஓய்வு பெற்ற கோர்ட்டு அமீனாவிடம் யோசனை கேட்டு யாரும் வருவதில்லை. வேலையில் இருந்தபோதும் எங்களை யாரும் ஆசையாக வரவேற்றதில்லை. சம்மன் கொண்டு வருகிறவனை, ஜப்திக்கு வருகிறவனை, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாரண்டோடு வருகிறவனை, "வாங்க, காபி சாப்பிடுங்க" என்று கூப்பிட ஒரு தனி மனசு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் அந்த மனசு எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருவர் என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்.

அதனால் போன மாதம் மகேஸ்வரி ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, ஏதோ பென்ஷன் சிக்கல் என்றுதான் நினைத்தேன். நான் விட்டு வந்த கோர்ட்டில் இப்போது சம்மன் கொடுக்கும் வேலையில் இருப்பவள் அவள். சுறுசுறுப்பான பெண். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"சார், ரெண்டாவது வண்டியா ஒரு எலக்ட்ரிக் பைக் எடுக்கலாமான்னு யோசிக்கேன். ஸ்கூட்டர் வீட்டுக்கு இருக்கட்டும். இது டூட்டிக்கு. சத்தமே கிடையாது சார். வாசல்ல போயி நின்ன பொறவுதான் வண்டி வந்ததே ஆளுக்குத் தெரியும். நீங்க இந்தத் தாலுகா பூராம் வண்டியில அலைஞ்சவிய. என்ன சொல்லுதீக?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "இவியகிட்ட சத்தமில்லாத வண்டியப் பத்திக் கேக்கியே, ஒனக்கு வேற ஆளு கிடைக்கலையாம்மா? இவிய டீ குடிக்கப் போறது தெருவுக்கே தெரியும். திரும்பி வாரது அடுத்த தெருவுக்கும் தெரியும்."

இதில் மிகை எதுவும் இல்லை. என் வண்டி இன்னும் ஓடுகிறது. பெட்ரோல் வண்டி, நூறு சிசி. ஒரு மில் சூப்பர்வைசரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வாங்கியபோதே சைலன்சரில் ஓட்டை. அது இன்றைக்கும் இருக்கிறது, வயதுக்கேற்ற வளர்ச்சியோடு.

மகேஸ்வரி கேட்டதில் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழையதை விற்க மனம் வராது. இரண்டாவதாக ஒன்று நின்றால் என்ன? காந்தி காலத்து ஆள் போல எத்தனை நாள் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்வது? முழங்காலும் இப்போதெல்லாம் வாய்தா கேட்கிறது. மறுநாளே இரண்டு பேரும் ஷோரூமுக்குப் போனோம்.

ஷோரூமில் இருந்த தம்பி நல்ல பையன். என்னைப் பார்த்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன்பே இறங்குவதற்கு உதவி செய்யத் தயாராக நின்றான். ஒரு முறை சார்ஜ் போட்டால் வில்லிபுத்தூர் போய், மம்சாபுரம் போய், செண்பகத்தோப்பு வரை போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும் என்றான். "கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டேன். "கரண்டு வந்தப்பொறவு போடுங்க சார்" என்றான். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடியைத் திருகினால் வண்டி போகிறது. அவ்வளவுதான். வண்டி ஓடுகிறதா, நான்தான் சரிவில் உருள்கிறேனா என்று ஒரு சந்தேகம். தெருமுனையில் ஒரு ராஜபாளையம் நாய் படுத்திருந்தது. இந்த ஊர் நாய்கள் கோர்ட்டு ஊழியர்களுக்குக் காட்டி வந்த மரியாதையை என் வலது கெண்டைக்கால் அறியும். இது தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் தாண்டிப் போனபிறகுதான் கண்ணைத் திறந்து, தன்னிடம் கேட்காமல் எப்படிப் போனாய் என்பதுபோலப் பார்த்தது. நாயை இப்படி அவமானப்படுத்தியது எனக்கே சங்கடமாகிவிட்டது.

இறங்கியதும், "சத்தமே இல்லையேப்பா" என்றேன்.

"வேணும்னா வச்சிக்கலாம் சார். இதுல ஸ்பீக்கர் இருக்கு. பட்டனை அமுக்குனா இன்ஜின் சத்தம் வரும். மூணு விதமா இருக்கு."

சத்தம் போகட்டும் என்று காசு கொடுத்து ஒரு வண்டி. அதில் சத்தம் வரட்டும் என்று ஒரு ஸ்பீக்கர். மகேஸ்வரி சிரித்தாள். "எனக்கு அந்தப் பட்டனே வேண்டாம்" என்றாள் அவனிடம்.

அவள் அப்படிச் சொன்னதன் காரணம் வெளியாட்களுக்குப் புரிய வேண்டுமென்றால், சத்தத்துக்கும் எங்கள் வேலைக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சைக்கிள்தான். சம்மனை எப்படி மடிப்பது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, வாங்க மறுத்தால் என்ன எழுதுவது என்பதை எல்லாம் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன். ஆள் இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, சம்மனை வாசல் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும். ஒட்டினாலும் சட்டப்படி கொடுத்த மாதிரிதான். பசை டப்பாவும் தூரிகையும் எங்கள் ஆயுதங்கள்.

வண்டி வாங்கிய பிறகுதான் தொழிலின் நெளிவுசுளிவு புரிந்தது. என் சைலன்சர் சத்தம் ஊர் எல்லையில் கேட்டதுமே, பார்க்கப்பட விரும்பாதவர் கொல்லைப்புறமாகப் போய்விடுவார். நான் வாசலில் நிற்கும்போது அவருடைய மனைவி வருவார். "அவிய இல்லையே, மருதைக்குப் போயிருக்காகளே" என்பார். உள்ளே ஒரு டம்ளர் டீ ஆவி பறந்துகொண்டிருக்கும். அதை நான் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை என்பதை அந்த அம்மாவும் பார்க்கவில்லை. கதவில் ஒட்டுவேன். போவேன். நான் அடுத்த தெருவுக்குப் போனதும் அவர் மதுரையிலிருந்து திரும்பி வந்து டீயைக் குடிப்பார். வழக்கும் நடக்கும், மானமும் மிஞ்சும். தெருவே பார்க்க ஒரு மனிதனின் கையில் சம்மனைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு நடந்த ஏற்பாடு இது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மெக்கானிக் காஜா ஒரு முறை சைலன்சரை மாற்றட்டுமா என்று கேட்டபோது, "வேண்டாம் பாய், ஊரே எம்மேல கேஸ் போட்டுரும்" என்றேன்.

எங்கள் நாசர் இதை அறிந்திருந்தார். நாசர் என்றால் பேர் அல்ல, பதவி. சம்மன்களையும் வாரண்டுகளையும் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நாங்கள் திரும்பி வந்து எழுதிக் கொடுக்கும் அறிக்கையைச் சரிபார்க்கும் அதிகாரி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை, அதை எடுத்து ஒருநாளும் முகம் துடைத்ததில்லை. கோபம் இல்லாதபோது எங்களை "ஏலே" என்பார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "வாரும்" வந்தால் தப்பு செய்திருக்கிறோம். "வாங்க" வந்தால் பெரிய தப்பு. "அமீனா அவர்கள் அமரலாமே" என்று வந்துவிட்டால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

கதவில் ஒட்டியதாக எழுதியிருந்தால் அவர் விடமாட்டார்.

"கதவு என்னலே கலரு?"

"பச்சை சார்."

"உள்பக்கம் தெறக்குமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம் சார்."

"ஒட்டும்போது பக்கத்து வீட்டுல யாரு நின்னா? என்ன செஞ்சிக்கிட்டு நின்னா?"

இந்தக் குறுக்கு விசாரணைக்கு ஒரு பின்கதை உண்டு. எனக்கு முன்னால் இருந்த ஒருவர், வாசலில் சாக்குப்படுதா மட்டுமே தொங்கிய வீட்டில் 'கதவில் நன்றாக ஒட்டினேன்' என்று டீக்கடையில் உட்கார்ந்து எழுதிவிட்டாராம். அன்றிலிருந்து நாசருக்கு இந்தத் தாலுகாவின் கதவுகள் எல்லாம் மனப்பாடம். என் சத்தத்தைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "ஏலே, ஒனக்குப் பதிலா ஒன் வண்டிக்கே சம்பளம் போடலாம். அதுதான் ஒனக்கு முன்னாடி போயி வேலையப் பாக்கு." சிரிக்காமல் சொன்னார். தடுக்கவும் இல்லை.

அப்படி இருந்தவர் ஒரே ஒரு வழக்கில் என்னை "அவர்கள்" என்று கூப்பிட்டார்.

முத்துமாரி என்று ஒரு பெண். பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை. புருஷனோடு ஒத்துவராமல், பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வில்லிபுத்தூரில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆடிப்பூரத்துக்குத் தேர் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்று பிள்ளையைக் கூட்டிப் போன புருஷன் காளிராஜ், கொண்டுவந்து விடவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். முத்துமாரி கோர்ட்டுக்கு வந்தாள். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. அவன் ஒப்படைக்கவில்லை. பிள்ளையை மீட்டுத் தாயிடம் சேர்க்கும்படி வாரண்டு என் கைக்கு வந்தது.

காளிராஜ் மம்சாபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். தோப்பை ஒட்டிச் சின்ன வீடு. முதல் முறை போனேன். வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது முறையும் பூட்டு. மூன்றாவது முறை பூட்டக்கூட நேரமில்லாமல் கதவு திறந்து கிடந்தது. கொடியில் ஒரு சின்னப் பாவாடை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் முத்துமாரி கோர்ட்டு வராந்தாவில் காத்திருப்பாள். மடியில் ஒரு துணிப்பை. அதில் பிள்ளைக்கு எடுத்த கவுன். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் எழுந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். மூன்றாம் முறை மட்டும் கேட்டாள்: "அண்ணே, பிள்ளையக் கண்ணாலயாவது பாத்தீகளா? எளைச்சிருக்காளா?"

பாவாடையைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

'ஆள் இல்லை' என்று மூன்றாவது தடவையாக எழுதிக் கொடுத்தேன். நாசர் வாசித்தார். கதவின் நிறத்தைக் கேட்கவில்லை.

"அமீனா அவர்கள் அமரலாமே" என்றார்.

உட்காரவில்லை.

"அமீனா அவர்கள் கதவு பார்ப்பதில் கெட்டிக்காரர். ஆனால் பாருங்கள், இந்த வாரண்டைக் கதவில் ஒட்ட முடியாது. பிள்ளை வேண்டும்." பிறகு குரல் இறங்கியது. "கடன்காரன் ஓடுனா ஒரு வாய்தா தள்ளிப்போகும்லே. இந்தப் பொம்பள எம்புட்டு நாள் வராந்தாவுல உக்காருவா? ஒன் சத்தத்தை இந்தத் தடவ வீட்டுல வச்சிட்டுப் போ."

போலீஸைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். அஞ்சு வயசுப் பிள்ளையைப் பிடிக்க லத்தி எதுக்கு என்றார். ஒரு தாளை எடுத்து, பாதை வரைந்து காட்டினார். மம்சாபுரம் வழியாகப் போகக் கூடாது. செண்பகத்தோப்பு வழியாகச் சுற்றி, மலைப்பக்கமிருந்து இறங்க வேண்டும். அவன் காது ஊர்ப்பக்கம்தான் இருக்கும். தோப்புக்கு மேலே மேட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் போட்டு, சரிவில் உருண்டு வர வேண்டும். முத்துமாரி மம்சாபுரம் பஸ் நிறுத்தத்தில் ஆட்டோவில் காத்திருக்க வேண்டும். முகத்தைத் தெளிவாகப் பார்த்துக்கொள் என்று பிள்ளையின் போட்டோவையும் கொடுத்தார்.

அப்படியே செய்தேன். மேட்டில் சாவியைத் திருகி நிறுத்தியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் உட்கார்ந்து நான் குருவிச் சத்தம் கேட்டதில்லை. சக்கரம் மண்ணில் உருளும் சத்தம் மட்டும். யார் வீட்டுக்கோ திருடப் போவதுபோல இருந்தது. கையில் கோர்ட்டு முத்திரை போட்ட காகிதம் இருந்தும் அப்படித்தான் இருந்தது.

வேலி முனையில் திரும்பியதும் வீட்டு முன்னால் இருவரும் இருந்தார்கள். பிள்ளை ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். காளிராஜ் பின்னால் குந்தி, வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடிந்திருந்தது. இறுக்கமாக, ஒரு முடி பிசகாமல். மறுபக்கம் பாதியில்.

அத்தனை வருஷ வேலையில் நான் பார்த்ததெல்லாம் ஆள் போன பிறகு இருக்கும் வீடுகள். ஆள் இருக்கும் வீட்டை அன்றுதான் பார்த்தேன்.

என்னைப் பார்த்ததும் அவன் ஓடவில்லை. ஓட நேரமில்லை. வாயிலிருந்த ரிப்பனை எடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "இன்னொரு சடை இருக்கு சார். முடிச்சிருதேன்."

வாரண்டை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. நான் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். அவன் முடித்தான். முடித்ததை அவிழ்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று மறுபடியும் பின்னினான். அப்புறம் வாசித்தேன். பாதியிலேயே "தெரியும் சார்" என்றான். கையெழுத்துப் போட்டான். பிள்ளையை அவனே தூக்கி என் முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்தான். "வேகமாப் போகாதீக. மண்ணு ரோடு" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் முத்துமாரி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பிள்ளையும் "அம்மா" என்று தாவினாள். அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்தத் தாய்க்குப் பிள்ளை கிடைத்தது. அதில் எனக்கு இன்றைக்கும் இரண்டு எண்ணம் கிடையாது. மாலையில் அறிக்கையைக் கொடுத்தபோது நாசர் வாசித்துவிட்டு, "ஏலே, போயி சாப்பிடு" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

மகேஸ்வரியிடம் ஷோரூம் வாசலில் நின்று நான் இதுவரைக்கும்தான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கோர்ட்டு ஆள் அல்லவா, தனக்கு வேண்டிய பாயிண்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீகளா சார். சத்தமில்லாமப் போனதாலதான அந்தப் பிள்ளை கிடைச்சது? நாலாவது தடவையும் நீங்க சத்தத்தோட போயிருந்தா அந்தம்மா இன்னும் வராந்தாவுலதான இருக்கணும்?"

அவள் சொன்னது நியாயம். அப்பீலுக்கு வழியில்லாத நியாயம். "எடுத்துக்கோம்மா, நல்ல வண்டி" என்றேன். அங்கேயே அட்வான்ஸ் கட்டினாள். நீல நிறம். உங்களுக்கும் ஒன்று போடட்டுமா என்று தம்பி கேட்டான். எனக்கு ஒரு வண்டி போதும் என்று சொல்லிவிட்டேன். முழங்காலை நினைத்தால் முட்டாள்தனம்தான். மகேஸ்வரி காரணம் கேட்டாள். சார்ஜ் போட வீட்டில் வசதியில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னேன். வாசலிலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறது.

அவளிடம் சொல்லாமல் விட்டது அந்த மண் ரோட்டில் நடந்தது. வண்டி புறப்பட்டதும் சைலன்சர் வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தது. பயந்து அழுவாள் என்று நினைத்தேன். பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்து, சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னாள்:

"மாமா, இந்தச் சத்தம் கேட்டா அப்பா என்னையத் தோள்ல தூக்கிட்டுத் தோப்புக்குள்ள ஓடும். மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிடுவோம். நீங்க ஒரு தடவகூடக் கண்டுபிடிக்கலையே!"

"ஆமா தாயி" என்றேன்.

கொஞ்ச தூரம் சடையை ஆட்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் அவளுக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது.

"இன்னிக்கு மட்டும் ஏன் சத்தம் போடாம வந்தீக? அது கள்ளாட்டம். அடுத்த தடவ ஊர்ல இருந்தே சத்தம் போட்டுட்டு வரணும், சரியா? நாங்க ஓடணும்ல?"

"சரி தாயி" என்றேன்.